குமிழிக் கூடு

பறவை தொட்டு அடைகாக்கும், மீன் நோக்கி அடைகாக்கும், ஆமை நினைந்து அடைகாக்கும் என்பது தமிழர் நெடுங்காலமாகச் சொல்லி வரும் வழக்கு. குருவின் அருளுக்கு உவமையாக இதைக் கூறுவார்கள். உயிரியல் பாடம் படித்த மாணவன் மீனைப் பற்றிய பகுதியைக் கேட்டு நகைக்கக்கூடும். மீன்களில் மிகப் பல முட்டைகளை நீரில் சிதறிவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றன. திரும்பி நோக்குவதுகூட இல்லை. ஆனால் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு வரிசை வீட்டின் முன்தாழ்வாரத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேத்தியும் கண்ட காட்சி அந்தப் பழைய வழக்குக்கு மிக அருகில் வருகிறது.

பெஸ்தாரி ஜெயா 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரால் வழங்கிய ஊர். சிலாங்கூர் ஆற்றை அடுத்து, பழைய ஈயக் குட்டைகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது. பெரியவர் அங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவர். இளமையில் பால்மரம் வெட்டினார். மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை வந்தபின் குலை அறுத்தார். லயத்து வீடுகள் இடிக்கப்பட்டபோது மகனுடைய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுபது வயதைக் கடந்தும், விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொள்ளும் பழக்கம் அவரை விடவில்லை. பெரட்டுக்குப் போக வேண்டிய கடமை நின்று பல ஆண்டுகள் ஆகியும் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை போலும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மீன் வளர்ப்பு என்பது அந்நாளில் ஒரே ஒரு மீனைத்தான் குறித்தது. அது சண்டை மீன். மலாய்க்காரர் இக்கான் லாகா என்பர். பால்மரங்களுக்கிடையே வெட்டிய கான்களில், தேநீர் நிறத்தில் தேங்கி நிற்கும் நீரில், புல் அடர்ந்த ஓரங்களில் அது வாழும். நீரின் மேல் நுரைத் திட்டு மிதந்தால் அதன் அடியில் ஆண் மீன் உண்டு என்பது சிறுவர் அறிந்த இரகசியம். இரு கைகளையும் குவித்து நுரையோடு சேர்த்து அள்ளினால் மீன் கைக்குள் இருக்கும். கரிய உடலில் நீலப் பச்சை செதில்கள் மின்னும். வாலின் ஓரத்தில் செந்நிறப் பிறை வளைந்திருக்கும். ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டு, இரண்டு போத்தல்களுக்கிடையே பழைய தாளைச் செருகி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தாளை உருவுவார்கள். ரப்பர் கொட்டைகளே பந்தயப் பொருள். அவ்விளையாட்டின் கொடுமையைச் சிறுவர் உணரவில்லை. உணர்த்த வேண்டிய பெரியவர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த மீன் தனி இனம் என்று அறிஞர் கண்டு பெயரிட்டது 1975 இல்தான். இம்பெல்லிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலத்தீன் மொழியில் அதற்குப் போரை விரும்பாதது என்பது பொருள். சயாம் நாட்டில் சூதாட்டத்துக்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனத்தோடு ஒப்பிட்டால் இது சாதுவானது. உறுமிக் காட்டும், செதிலை விரிக்கும், பெரும்பாலும் ஒன்று விலகிப் போய்விடும். விலகிப் போக வழியில்லாத போத்தலுக்குள் விட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் அதைச் சண்டைக்காரன் ஆக்கினார்கள். சயாம் இனத்துக்கு 1910 இல் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயரிட்டனர். ஒளிமிக்கது என்று பொருள். தாய்லாந்து அரசு 2019 இல் அதைத் தன் நாட்டின் நீர்வாழ் உயிராக அறிவித்தது. இன்று கடைகளில் நீண்ட பட்டுத் துணி போன்ற செதில்களோடு விற்கப்படுபவை இவ்வினத்தின் வழிவந்தவையே.

நுரையோடு மீனை அள்ளிய அந்நாளில், அந்த நுரை என்ன என்று பெரியவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்துப் பேத்தி வர வேண்டியிருந்தது.

பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி. அவள் விரும்பியது சண்டை மீனை அன்று. கோல சிலாங்கூர் பட்டணத்துக் கடையொன்றில் கண்ணாடித் தொட்டிக்குள் செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டைகளோடு நீந்திய கோமாளி மீனைத்தான் அவள் கேட்டாள். 2003 இல் வெளிவந்த படம் ஒன்றினால் உலகக் குழந்தைகள் அனைவருக்கும் அறிமுகமான மீன் அது. தகப்பன் மீன் கடல் முழுவதும் அலைந்து மகனைத் தேடும் கதை.

“அதற்குக் கடல் தண்ணீர் வேண்டும், பாப்பா” என்றார் பெரியவர்.

“கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, தாத்தா.”

அவள் சொன்னது மெய்தான். ஆனால் கோல சிலாங்கூர்க் கடல் சேற்றுக் கடல். ஆறு கொண்டு வரும் வண்டலும் கண்டல் காடும் கெரங் சிப்பியும் அங்கே உண்டு, பவளப்பாறை இல்லை. கோமாளி மீனுக்குத் தெளிந்த நீரும், பவளப்பாறையில் ஒட்டி வாழும் கடல் அனிச்சையும் வேண்டும். கிழக்குக் கரையில் ரெடாங், தியோமான் தீவுகளை ஒட்டி அதைக் காணலாம். வீட்டுத் தொட்டியில் அது முட்டையிடுவது அரிதன்று. முட்டைகளைக் கல்லில் ஒட்ட வைத்துவிட்டு ஆண் மீன் ஒரு வாரத்துக்கு மேல் செதிலால் விசிறிக் காக்கும். ஏழெட்டு நாளில், விளக்கணைந்த இரவில், குஞ்சுகள் வெளிவரும். இடர் அதன் பிறகுதான் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிரை இரவும் பகலும் தொட்டி நிறைய வைத்திருந்தால்தான் முதல் வாரத்தைக் கடக்க முடியும். அந்த நுண்ணுயிருக்குப் பச்சைப் பாசி நீர் வேண்டும். பாசி நீருக்கு ஒளி வேண்டும். ஒரு மீனை வளர்க்க இரண்டு பண்ணைகள் நடத்த வேண்டும் என்று பொருள். தமிழ்நாட்டில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அம்மீனைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. பல்கலைக்கழகம் செய்ததை முன்தாழ்வாரத்தில் செய்வது எளிதன்று. படத்தில் வராத செய்தி ஒன்றும் உண்டு. கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெண் மீன் இறந்தால், மிஞ்சியவற்றுள் பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். படக்கதையை இயற்கையின் போக்கில் விட்டிருந்தால் தகப்பன் தாயாகியிருக்கும்.

விலையைக் கேட்ட பெரியவர் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அங்கே சிறு போத்தல்களில் சண்டை மீன்கள் இருந்தன. “இதிலும் பிள்ளையைக் காப்பது தகப்பன்தான்” என்று கடைக்காரர் சொன்னார். அந்தச் சொல் வேலை செய்தது. நீல ஆண் ஒன்றும் சாம்பல் நிறப் பெண் ஒன்றும் வீட்டுக்கு வந்தன.

முதல் முயற்சி ஒரே இரவில் முடிந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு உறங்கப் போனார்கள். விடிந்தபோது பெண் மீனின் வால் கந்தலாகத் தொங்கியது. அதைப் பிரித்து, காய்ந்த கெத்தாப்பாங் இலை ஊறிய நீரில் வைத்தார் பெரியவர். நாட்டு வாதுமை என்று தமிழ்நாட்டார் சொல்லும் மரம் அது. அதன் சருகு நீரைத் தேநீர் நிறமாக்கிச் சற்றுப் புளிப்பேற்றும். பழைய தோட்டத்துக் கான் நீரைப் போலவே ஆக்கும் என்பதைப் பெரியவர் மணத்திலேயே கண்டுகொண்டார். மூன்று வாரத்தில் செதில்கள் தேறின.

இரண்டாம் முறை பெண்ணை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் விட்டு, குவளையைத் தொட்டியின் நடுவே நிறுத்தினார்கள். ஆண் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு மூலைக்குப் போய் நுரை கட்டத் தொடங்கியது. மேலே வந்து ஒரு வாய்க் காற்று. எச்சிலில் பொதிந்து ஒரு குமிழி. மீண்டும் ஒரு வாய்க் காற்று. இரண்டு நாளில் உள்ளங்கை அளவு கூடு எழுந்தது. முட்டைகள் வந்தன, பொரித்தன, மகிழ்ச்சி பொங்கியது. குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சட் கருவைக் கரைத்து ஊட்டலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தார்கள். கரு அடியில் படிந்து நீர் கெட்டது. ஐந்தாம் நாள் காலையில் தொட்டியில் அசைவே இல்லை. அன்று பேத்தி பள்ளிக்குப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெரியவர் மேலும் ஒரு மாதம் காத்திருந்தார். இம்முறை மீன்களைச் சேர்ப்பதற்கு முன்பே உணவை ஆயத்தம் செய்தார். வாய் அகன்ற போத்தலில் குட்டை நீரை நிரப்பி, காய்ந்த வாழைச் சருகைப் போட்டு, நிழலில் வைத்தார். சில நாளில் நீர் மங்கிப் பின் தெளிந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தூசு போல் ஏதோ துள்ளியது. புதிதாய்ப் பிறந்த குஞ்சின் வாய்க்கு அடங்கும் இரை அந்தத் தூசுதான்.

நல்ல இரை தின்னும் தாய் மீன்தான் நல்ல முட்டை இடும். கொசுப் புழுவைவிடச் சிறந்த இரை இல்லை. தோட்டத்துக் காலத்தில் அது எல்லாத் தகரத்திலும் கிடைத்தது. இன்று வீட்டில் கொசுப் புழு இருப்பது 1975 ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றம். டெங்கிக் காய்ச்சலைக் கண்ட ஊரில் அச்சட்டத்தைக் குறை கூற முடியாது. பெரியவர் கொல்லையில் இரகசியமாக வைத்திருந்த வாளியை மருமகள் கண்டுபிடித்துக் கவிழ்த்தாள். அதன்பின் கடையில் விற்கும் நீர்ப்பேனே மீன்களுக்கு விருந்தாயிற்று.

மூன்றாம் முறை நிகழ்ந்ததைப் பேத்தி முதலிலிருந்து பார்த்தாள். கூட்டின் அடியில் ஆண் பெண்ணின் உடலை வில்லைப் போல வளைத்துத் தழுவியது. சில நொடிகள் இரண்டும் அசைவற்று நின்றன. பிறகு ரவையைப் போல வெண்ணிற முட்டைகள் உதிர்ந்தன. பெண் மயங்கியதுபோல் மிதக்க, ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொரு முட்டையாக வாயில் கவ்வி, மேலேறி, குமிழிகளுக்கிடையே ஒட்டியது. மீண்டும் தழுவல், மீண்டும் உதிர்தல். பிற்பகல் முழுவதும் இது நீடித்தது. முடிந்ததும் ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கியது. பெரியவர் பெண்ணை வெளியே எடுத்துவிட்டார்.

அன்றிரவு முன்தாழ்வாரத்து விளக்கை அணைக்கப் போன மகனைப் பெரியவர் தடுத்தார்.

“எரியட்டும். அதற்குக் கண் தெரிய வேண்டும்.”

கூட்டிலிருந்து முட்டை நழுவினால் அடியில் போய் விழும். இருளில் ஆண் அதைக் காண முடியாது, காணாதது கெட்டுப்போகும். விளக்கு எரிந்ததனால் அது இரவெல்லாம் கண்டது. உடைந்த குமிழிக்கு மாற்றாகப் புதுக் குமிழி ஊதியது; விழுந்ததை எடுத்து ஒட்டியது; பூஞ்சை பிடித்ததைத் தின்று ஒதுக்கியது. தனக்கு இட்ட இரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு விழித்த பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்துகொண்டார். ஒன்றரை நாளில் முட்டைகள் பொரித்தன. கண்ணிமை மயிர் போன்ற குஞ்சுகள் வால் கீழாகக் கூட்டில் தொங்கின. அவற்றுக்கு நீந்தத் தெரியாது. துள்ளும், விழும். தகப்பன் பின்னாலேயே பாய்ந்து கவ்வி வந்து கூட்டுக்குள் உமிழும். நூறு தரம் விழுந்தாலும் நூறு தரமும் அப்படியே.

“தாத்தா, மீன் பார்த்தே குஞ்சு பொரிக்கும் என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னார்” என்றாள் பேத்தி.

“பார்த்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. வாய் ஓயாமல் வேலை செய்கிறதே” என்றார் பெரியவர். சற்றுப் பொறுத்து, “ஆனால் பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை” என்றும் சொன்னார்.

பொரித்து மூன்றாம் நாள் குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கின. தகப்பனின் கடமை அத்துடன் முடிகிறது. அதை எடுக்காவிட்டால், ஓடும் குஞ்சுகளை ஓயாமல் திரட்ட முயன்று களைத்து, இறுதியில் இரையென்றே எண்ணித் தின்னவும் கூடும். பெரியவர் அதைப் போத்தலுக்கு மாற்றினார். போத்தல் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு நாள் அது தொட்டிப் பக்கமே முகம் வைத்து நின்றது.

முதல் வாரம் வாழைச் சருகு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இரண்டாம் வாரம் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டைகளை உப்புக் கரைசலில் பொரிக்க வைத்து, அந்தச் சிவந்த துகள்களை வடிகட்டி இட்டார்கள். குஞ்சுகளின் வயிறு சிவந்து உருண்டதைப் பேத்தி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாள். மூன்றாம் வாரத்துக்குப் பின் மற்றோர் ஆபத்து உண்டு. இம்மீன் செவுளால் மட்டும் மூச்சுவிடுவதன்று. தலைக்குள் சுருள் சுருளான உறுப்பொன்று வளர்கிறது. அதன்பின் மேலே வந்து காற்றைக் குடித்தே வாழும். அவ்வுறுப்பு உருவாகும் நாளில் நீருக்கு மேலுள்ள காற்று குளிர்ந்திருந்தால் குஞ்சுகள் மடியும் என்பர். தொட்டியை நெகிழித் தாளால் மூடி, ஓரத்தில் விரலளவு இடைவெளி விட்டார்கள். மழை விடாது பெய்த ஒரு வாரம் முழுவதும் தாளின் அடியில் வியர்த்திருந்த நீர்த்துளிகளைப் பார்த்துப் பார்த்துப் பெரியவர் ஆறுதல் அடைந்தார்.

முட்டைகள் இருநூறுக்குக் குறையாது. மூன்று மாத முடிவில் எஞ்சியவை அறுபத்து நான்கு. ஆண்கள் ஒன்றை ஒன்று நோக்கிச் செதில் விரிக்கத் தொடங்கவே, தனித்தனிப் போத்தல்கள் தேவைப்பட்டன. ஊறுகாய்ப் போத்தல், தேன் போத்தல், காப்பிப் போத்தல் என்று தாழ்வாரத் தட்டெல்லாம் நிறைந்தது. நடுவே அட்டைகள் செருகப்பட்டன. அந்த அட்டைகளைச் செருகும்போது பெரியவரின் கை பழைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்திருக்க வேண்டும். “எத்தனையை அள்ளிக்கொண்டு வந்திருப்பேன், ஒன்றையாவது திருப்பி விட்டேனா?” என்று மகனிடம் சொன்னார்.

“மிச்சத்தைக் கானில் விட்டுவிடலாமே, அப்பா” என்றான் மகன்.

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. கடன் திருப்பிச் செலுத்துவது போன்ற மகிழ்ச்சியோடு, ஒரு ஞாயிறு காலையில் நாற்பது மீன்களை வாளிகளில் ஏற்றிக்கொண்டு, மகனுடைய காரில் பேத்தியோடு பழைய தோட்டத்துக்குப் போனார். லயம் இருந்த இடத்தில் செம்பனை ஓங்கி நின்றது. கோயில் மட்டும் இருந்தது. கான் இருந்தது. தொலைவில் ராஜா மூசா காட்டின் விளிம்பு கரிய கோடாகத் தெரிந்தது.

அது சேற்றுக்கரிக் காடு. மரங்களின் சருகும் வேரும் முழுவதும் மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்து ஆன நிலம். ராஜா மூசா, சுங்கை காராங் காடுகள் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கு மேல் பரந்தவை. 1990 இல் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே ஊறும் நீர் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களுக்கும் பாய்கிறது. அந்தக் கரிய, புளித்த நீரில் ஒரு சிறு சண்டை மீன் உண்டு. விரல் நீளமும் இல்லை. மதுச் சிவப்பு உடல், விலாவில் பச்சைப் பொட்டு. 1992 இல் பீட்டர் இங் என்பவரும் மொரிஸ் கொட்டலாட் என்பவரும் அதற்கு லிவிடா என்று பெயரிட்டார்கள். வடசிலாங்கூரின் இந்தச் சேற்றுக்கரி நீரே அதன் தாயகம். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அந்நிலம் காய்ந்து தீப்பற்றும். தீ மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். 2005 ஆகஸ்டு 11 அன்று கோல சிலாங்கூரில் புகைமூட்டத்தால் அவசர நிலை அறிவிக்கப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைய புகையில் பெரும்பகுதி சுமாத்திராவிலிருந்து வந்தது. ஆயினும் ராஜா மூசாவும் பலமுறை எரிந்திருக்கிறது. 2008 முதல் வனத்துறையும் தன்னார்வலரும் அங்கே கால்வாய்களை மறித்து, மஹாங் கன்றுகளை நட்டு வருகிறார்கள். லிவிடா அழியும் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

பெரியவர் கான் ஓரத்தில் குந்தினார். புல் நிழலில் நுரைத் திட்டு ஒன்று மிதந்தது. அவர் அதை அள்ளவில்லை, காத்திருந்தார். சிறிது நேரத்தில் அடியில் செம்பிறை வால் ஒன்று அசைந்தது. இளமையில் கண்ட அதே மீன். அருகிலிருந்த வாளியில் நீலமும் வெள்ளையுமாய் நீண்ட செதில்களை இழுத்துக்கொண்டு கடை மீன்கள் மிதந்தன.

“இவை இரண்டும் சேர்ந்து முட்டையிடுமா, தாத்தா?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. கூடும் என்பதுதான் உண்மை. நெருங்கிய இனங்கள் அவை. கலந்தால் கலப்பினம் பிறக்கும். சில தலைமுறையில் காட்டு மீன் தன் வடிவை இழக்கும். தொட்டியில் தேர்ந்து வளர்ந்த மீனோடு நோயும் போய்ச் சேரும். விடுதலை என்று எண்ணி மீனை விடுவோர் பலர். விட்ட இடத்தில் ஏற்கெனவே குடியிருப்பது யார் என்று பார்ப்போர் சிலரே.

பெரியவர் எழுந்து வாளியை மீண்டும் காரில் ஏற்றினார். மகன் வியப்போடு பார்த்தான். “இதற்கு இங்கே வீடு இருக்கிறது. அவை விருந்தாளிகளும் அல்ல” என்றார்.

வரும் வழியில் பேத்தி காட்டைக் காட்டி, “அந்தச் சிவப்பு மீனையாவது ஒரு சோடி பிடித்து வளர்க்கலாமா?” என்று கேட்டாள். அதற்கும் அவர் தலையசைத்து மறுத்தார். அறுபத்து நான்கு மீனுக்குப் போத்தல் தேடிய வீட்டில் எது இயலும், எது இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். பேத்தி முகம் சுளித்தாள். அன்று மாலை வரை பேசவில்லை.

மறு வாரம் முதல் போத்தல்கள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. பள்ளித் தோழர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு போத்தலிலும் பேத்தி தன் கையெழுத்தில் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: இரண்டு மீனை ஒன்றாக விடாதே, நீரை நாலு நாளுக்கு ஒருமுறை மாற்று, கானில் விடாதே. மூன்றாம் வரிக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள். ஒரு சீட்டில் ‘நீரை’ என்பது ‘நிரை’ என்று குறிலாகியிருந்ததைப் பெரியவர் கண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சிலால் திருத்தினார்.

தகப்பன் மீனை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதன் போத்தல் சன்னலோரத்தில் இருக்கிறது. பெண் மீன் பக்கத்தில் இல்லாத போதும், மழை வரும் நாளில், அது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை எடுத்து ஓரத்தில் குமிழி ஊதத் தொடங்குகிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் பெரியவர் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.